கரைக்காற்றும் கடற்காற்றும்

பருவக்காற்று ஓங்காத நாட்களில், கரையோரமாகத் துறைவிட்டுத் துறை செல்லும் பாய்மரத் தோணிக்குக் காற்று ஒரே நாளில் இருமுறை திசை மாறுகிறது. அடுப்பில் வைத்த வெறும் சட்டி சட்டெனச் சூடேறி சட்டென ஆறுவதையும், நீர் நிறைந்த பானை சூடேறவும் ஆறவும் தாமதிப்பதையும் போன்றதே நிலமும் கடலும் நடந்துகொள்வது. பகலில் நிலம் காய்ந்து, அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழும்போது, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து வருவது கடற்காற்று. இரவில் நிலம் முந்திக் குளிர, கடலை நோக்கி வீசுவது கரைக்காற்று. சோழமண்டலக் கரையின் கட்டுமர மீனவர் விடியுமுன் கரைக்காற்றில் பாய்விரித்துப் புறப்பட்டு, பிற்பகலில் கடற்காற்றோடு கரை திரும்பியது இக்கணக்கினால்தான். காற்று திசைமாறும் இடைவேளையில் பாய் தொய்ந்து தொங்கும். அப்போது துடுப்பே துணை. பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று: கடற்கரையில் ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்தாலே இது எவருக்கும் விளங்கும்.