வாய்தா இல்லாத சிறை

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சிறை நமக்குப் புதிதல்ல. மறியல் செய்து உள்ளே போய் வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். திருடனைப் பிடித்தாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. குற்றப்பத்திரிகை உண்டு, வாய்தா உண்டு, ஜாமீன் கேட்கலாம். தண்டனை விழுந்தால் இத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். வீட்டிலிருப்பவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். இந்தக் கணக்கு எதுவுமே இல்லாத சிறை ஒன்று இருக்கிறது. அதைச் சிறை என்று சொல்லமாட்டார்கள். முகாம் என்பார்கள், குடியேற்றக் காவல் என்பார்கள். உயிருக்குப் பயந்தோ, பிழைப்பைத் தேடியோ, அனுமதிச் சீட்டில்லாமல் வேற்று நாட்டுக்குள் வந்தவனை அடைத்து வைக்கும் இடம் அது.

அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே ‘சிறப்பு முகாம்’ இருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2022 நவம்பரில் விடுதலை செய்தவர்களில் நான்கு பேர் இலங்கைத் தமிழர். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை நேரே அந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் வேண்டுமானாலும் இருக்கட்டும். கோர்ட் விட்டவனை மறுபடி எதற்காக அடைக்க வேண்டும்? அந்நியன் என்பதற்காக; வேறு காரணமில்லை. நால்வரில் ஒருவரான சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். பிணமாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இந்த வேலையை நாடு தழுவிய சட்டமாகவே ஆக்கியது ஆஸ்திரேலியா. படகில் வந்தவர்களைக் கட்டாயமாக அடைத்து வைக்க 1992இல் சட்டம் செய்தார்கள். செய்தது தொழிற்கட்சி சர்க்கார்! 1994இல் விசா இல்லாத எல்லோரையும் அதற்குள் கொண்டுவந்து, காலவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நாடில்லாத பாலஸ்தீனர் ஒருவரைத் திருப்பியனுப்ப இடமே இல்லை. அவரை என்ன செய்வது என்று வழக்கு வந்தது. காலவரையறையின்றி வைத்திருக்கலாம் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் வரை ஆயிற்று.

தன் மண்ணில் அடைத்தது போதாதென்று, 2001இலிருந்து நவுரு தீவுக்கும் பாப்புவா நியூகினியின் மானஸ் தீவுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். காவல் வேலை தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகை. 2014 பிப்ரவரியில் மானஸ் முகாமில் ரேஸா பராத்தி என்ற ஈரானிய இளைஞரை அடித்தே கொன்றார்கள். அந்த முகாமே சட்டவிரோதம் என்று பாப்புவா நியூகினி சுப்ரீம் கோர்ட் 2016இல் சொல்லிற்று. மறு வருஷம், அங்கே அடைபட்டிருந்த 1,905 பேருக்கு 7 கோடி டாலர் நஷ்டஈடு தர ஆஸ்திரேலிய சர்க்கார் இணங்கியது. ஆனாலும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை!

ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். குவீன்ஸ்லாந்தில் பிலோயீலா என்று ஒரு சிற்றூர். சுமார் ஆறாயிரம் ஜனங்கள், பெரும்பாலும் உழைப்பாளிகள். இலங்கையிலிருந்து படகில் வந்த ஒருவர் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய மனைவியும் அப்படியே படகில் வந்தவர். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவை. 2018 மார்ச்சில், பொழுது விடியுமுன்னே, அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். மூட்டை கட்டப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். மனைவியின் விசா தீர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. குற்றம் அவ்வளவுதான். கைக்குழந்தையோடு மெல்போர்ன் காவலுக்குக் கொண்டுபோனார்கள்.

2019 ஆகஸ்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றியாயிற்று. பறந்துகொண்டிருக்கையில் நீதிபதி தடை போட, விமானம் டார்வினில் இறங்கியது. வீட்டுக்கு விட்டார்களா? இல்லை. ஜாவாவுக்குத் தெற்கே கிடக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தீவு, சுற்றிலும் காவல்! 2021 ஜூனில் சின்னப் பெண்ணுக்கு இரத்தத்தில் விஷமேறி, நிமோனியாவும் கண்டு, பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ச்சல், காய்ச்சல் என்று நாள் கணக்கில் முறையிட்டும் மாத்திரைதான் கொடுத்தார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள்.

இதற்கிடையே அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தமிழரல்ல, அகதிகள் சட்டம் படித்தவர்களுமல்ல. அந்தக் குடும்பத்தை அண்டை வீட்டாராக அறிந்தவர்கள், அவ்வளவே. கையெழுத்து வாங்கினார்கள், வழக்குக்குப் பணம் திரட்டினார்கள், மந்திரிகளை விடாமல் கேட்டார்கள். நாலு வருஷம்! 2022 மே தேர்தலில் சர்க்கார் மாறியது. ஜூனில் குடும்பம் பிலோயீலாவுக்குத் திரும்பியது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை ஆகஸ்டில் கிடைத்தது. சின்னப் பெண்ணுக்கு ஊர் திரும்பிய அந்த வாரம் ஐந்து வயது. அதற்கு முந்திய பிறந்த நாள் நான்கையும் காவலிலேயே கழித்த குழந்தை அது.

கட்டாயக் காவல் சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. நவுருவில் அடைபட்டிருந்தவர்களைப் பெரும்பாலும் 2023 நடுவில் வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் படகில் வந்த புதிய ஆட்களை அந்தத் தீவுக்கே ஏற்றி அனுப்பினார்கள்.