தூக்கணாங்குருவியும் வரப்புப் பனையும்

(வல்லம் வடகால் வட்டாரக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கதிர் பால் பிடிக்குங்கால் கூட்டமாய் வயலில் இறங்கும் தூக்கணாங்குருவியைக் குடியானவர் பகையாக எண்ணுதல் இயல்பே. ஆயினும் பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாது விடுதல் கணக்கு முறையன்று. இப்பட்சி விஷயத்தில் இரண்டையும் ஆராய்தல் தகும்.

வளர்ந்த குருவியின் பிரதான ஆகாரம் புல்விதையும் தானியமுமாம். அறுவடைக்குப்பின் சிதறிய மணிகளையும் பொறுக்கும். ஆனால் குஞ்சு பொரித்த நாட்களில் வெட்டுக்கிளி, புழு முதலியவற்றைப் பிடித்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. அது மழை பெய்து பயிர் பசுமையாய் நிற்கும் பருவம். பூச்சியினால் சேதம் நேரும் பருவமும் அதுவே.

நீர்நிலையை அடுத்த பனை, ஈச்சை, கருவேல் ஆகிய மரங்களில் இது கூட்டமாகக் கூடு கட்டும். கட்டுவது ஆண் குருவி. நெற்பயிரின் தாள், நாணல், பனையோலை இவற்றினின்று நாராகக் கிழித்துவந்து, கீச்சிட்டுக்கொண்டே பின்னும். கூடு பாதி முடிந்ததும் பெட்டை வந்து பார்வையிடும். அது ஏற்றுக்கொண்ட பின்னரே குழல்போன்ற வாயில் முற்றுப்பெறும். 1930-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் சலீம் அலி என்னும் பட்சி சாஸ்திரி இவற்றை நெடுநாள் கவனித்து, ஓர் ஆண் அடுத்தடுத்துக் கூடு கட்டிப் பல பெட்டைகளுடன் வாழ்வதை விளக்கினார். ஆகவே பாதியில் நிற்கும் கூடுகள் யாவும் கைவிடப்பட்டவையென்று அறுத்தெறிதல் தவறு.

வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமெங்கும் ஆலைகள் எழுந்துள்ளன. அவற்றால் பலருக்கு ஜீவனம் கிடைத்திருப்பது நன்மையே. எனினும் வயலும் பனையும் மறைந்த இடத்தில் இக்குருவிக்கு நாருமில்லை, கூடு தொங்கவிட ஓலையுமில்லை. எஞ்சிய ஏரிக்கரையும் வரப்புமே அதற்குப் புகலிடம்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை யாவையெனில்:

பனையை வெட்டலாகாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசாங்கத்தார் அறிவித்தனர்.

கூடு தொங்கும் மாதங்களில் அம்மரத்தின் ஓலையைக் கழித்தலும், அதனருகே பூச்சிமருந்து தெளித்தலும் கூடா.

மழைக்காலத் தொடக்கத்தில் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுக. பனை வளர்ந்து பயன்தரப் பல்லாண்டுகள் ஆகுமாதலால் தாமதித்தல் நஷ்டமே.

கதிர் பால் பிடித்தது முதல் அறுப்பு வரை மட்டும் தகரம் தட்டிக் குருவியை ஓட்டுக. ஒருவர் மட்டும் ஓட்டினால் அது அடுத்தவர் வயலில் இறங்கும். ஆதலின் முறைவைத்து யாவரும் சேர்ந்து காவல் காத்தலே சிக்கனம். விளைச்சலும் காக்கப்படும், புழுவைத் தின்னும் குஞ்சுகளும் பிழைக்கும்.