தைராய்டு நோயும் ஆன்டிபாடி எண்ணும்
(பங்கின் அன்னையர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிப்ரவரி 3-ஆம் நாள் புனித பிளாசியார் திருநாளன்று, இரு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துக் குருவானவர் நம் தொண்டையை ஆசீர்வதிக்கிறார். அங்கே, கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பதே தைராய்டு சுரப்பி.

நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிலருக்கு இச்சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்கிவிடுகிறது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் வீங்கிய சுரப்பிகளை ஆராய்ந்து இந்நோயை விவரித்தார். 1956-இல் லண்டன் ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கண்டனர். ஆகவே இது சாபமுமன்று, தொற்றுமன்று. பெண் பார்க்க வருவோரிடம் மறைக்கவேண்டிய குறையுமன்று.

சென்னை உட்பட நம் நாட்டின் 8 நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்த ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்குச் சுமார் 22 பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. சுரப்புக் குறைவோ சுமார் 11 பேருக்குத்தான். ஆன்டிபாடி இருப்பதனாலேயே மாத்திரை வேண்டுமென்பதில்லை என்பது இதனால் விளங்கும். சுரப்பு சரியாக உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை டி.எஸ்.எச். சோதனை செய்துகொண்டால் போதும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டும் ஆன்டிபாடி எண் குறையவில்லையே என்று அதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை அந்த எண்ணைக் குறைக்கத் தரப்படுவதன்று. சுரப்பி தரமுடியாததை ஈடுசெய்யவே தரப்படுகிறது. அதன் அளவைத் தீர்மானிப்பது டி.எஸ்.எச். அளவுதான். ஒருமுறை ஆன்டிபாடி உண்டென்று தெரிந்தபின் அதையே திரும்பத் திரும்பச் சோதிப்பதும், எண்ணைக் குறைக்குமென்று பொடிகளை வாங்குவதும் வீண்செலவு. மாத்திரையை நிறுத்தினால் சோர்வு, மலச்சிக்கல், மிகுந்த உதிரப்போக்கு எல்லாம் திரும்ப வரும்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். காப்பி அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்கட்டும். விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்லும் நிலக்கோட்டைச் சகோதரிகளும், மில் வேலைக்குப் போகிறவர்களும் எழுந்தவுடனே விழுங்கிவிடலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்தே சாப்பிடவேண்டும். காலைத் திருப்பலிக்குச் செல்வோர் தயங்கவேண்டாம். நற்கருணைக்கு முன்னான ஒருமணி நேர உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. இது திருச்சபைச் சட்டமே.

மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றதாகத் தெரிந்தால், அந்த வாரமே மருத்துவரிடம் செல்லவேண்டும். பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டியிருக்கும். தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் சுரப்பைக் கொண்டே. அப்போது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மாமியார்மார் தயவுசெய்து இதை மனத்தில் வைக்கவேண்டும்.

இறைவன் தந்த உடலைப் பேணுவதும் ஒரு செபமே.