ஊதிக் காட்டினால் மட்டும் போதாது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைப் பாதுகாப்பு பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஹெல்மெட், சீட் பெல்ட் பற்றியெல்லாம் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அதனால் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். மது குடிக்கவில்லை, ஆனால் வேறு ஏதோ ஒரு போதையில் வண்டி ஓட்டுகிறார் ஒருவர். அவரைப் போலீஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அமெரிக்காவில் இதற்கென்றே போலீசாருக்கு ஒரு தனிப் பயிற்சி இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

மது குடித்தவரைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். குடித்த மது ரத்தத்தில் கலக்கிறது, மூச்சில் வெளியே வருகிறது. ஊதச் சொன்னால் கருவி ஒரு எண்ணைக் காட்டும். நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். இதில் வாதத்துக்கு அதிகம் இடமில்லை.

கஞ்சா, ஹெராயின், தூக்க மாத்திரை போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. மதுவுக்கு இருப்பதுபோல ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ‘இதற்கு மேல் போனால் ஓட்ட முடியாது’ என்று சொல்லிவிட முடியாது. கஞ்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போதை தரும் பொருள் ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அதன் மிச்சம் சிறுநீரில் பல நாட்கள் தெரியும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை ‘இவர் எப்போதோ கஞ்சா எடுத்திருக்கிறார்’ என்று சொல்லும். ‘வண்டி ஓட்டிய நேரத்தில் போதையில் இருந்தார்’ என்று சொல்லாது.

1970-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீசாருக்கு இந்தச் சிக்கல் வந்தது. வண்டி தாறுமாறாக வருகிறது, நிறுத்துகிறார்கள், ஓட்டுநர் தள்ளாடுகிறார், ஊதச் சொன்னால் கருவி பூஜ்யமோ மிகக் குறைந்த அளவோ காட்டுகிறது. வேறு ஏதோ போதை என்று தெரிகிறது, நிரூபிக்க வழியில்லை. அந்தத் துறையில் இருந்த சார்ஜென்ட்கள் இருவர் மருத்துவர்களையும் உளவியல் ஆய்வாளர்களையும் கலந்து ஒரு பரிசோதனை முறையை உருவாக்கினார்கள். 1979-ல் அவர்களுடைய துறை அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பிறகு அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதை எடுத்து 12 படிகள் கொண்ட ஒரே சீரான முறையாக்கியது. இன்று அங்கே 50 மாநிலங்களிலும் இது இருக்கிறது. கனடாவிலும் இருக்கிறது. இந்தப் பயிற்சி பெற்றவரைப் போதைப்பொருள் அடையாள நிபுணர் என்பார்கள்.

பயிற்சி எப்படி? சாலையோர நிதானச் சோதனைகளில் ஏற்கெனவே தேர்ந்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். முதலில் 2 நாள் முன்வகுப்பு, பிறகு 7 நாள் வகுப்பு. அதோடு முடிந்துவிடாது. உண்மையிலேயே போதையில் இருப்பவர்களைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் பரிசோதித்துப் பழக வேண்டும். குறைந்தது 12 பரிசோதனைகள். அதற்குப் பின் எழுத்துத் தேர்வு, அதன் பிறகுதான் சான்றிதழ். சான்றிதழும் நிரந்தரமில்லை, 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இனி அந்த 12 படிகள். முதலாவது, மூச்சுப் பரிசோதனை. தள்ளாட்டத்துக்கு மதுவே காரணமாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது, வண்டியை நிறுத்திய காவலரிடம் விசாரணை: என்ன பார்த்தீர்கள், வண்டியில் என்ன இருந்தது, அவர் என்ன சொன்னார்? பெரும்பாலும் வண்டியை நிறுத்தியவர் ஒருவர், பரிசோதிப்பவர் இன்னொருவர். வங்கியில் வவுச்சர் போடுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் இன்னொருவர் என்று வைத்திருக்கிறோமே, அதுபோல. போட்டவரே பாஸ் செய்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற வங்கிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது படி மிக முக்கியம். ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்ப்பது. சர்க்கரை வியாதி உண்டா, தலையில் அடிபட்டதா, டாக்டரிடம் போகிறீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு கண்பாவைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா, இரண்டு கண்களும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலைக்காயமாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். அப்படிப்பட்டவர் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. முதல் நாடித்துடிப்பும் இங்கேதான் எடுக்கிறார்கள்.

நான்காவது, கண். ஒரு பேனாவையோ விரலையோ பக்கவாட்டில் நகர்த்தி, விழி வழுக்கிக்கொண்டு போகிறதா, துடித்துத் துடித்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தாவது, கவனத்தைப் பிரிக்கும் சோதனைகள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நின்று 30 விநாடி ஆனதும் சொல்ல வேண்டும். கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டுகிறாற்போல 9 அடி நடந்து, திரும்பி 9 அடி வர வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மூக்கின் நுனியை விரலால் தொட வேண்டும். கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். வண்டி ஓட்டும்போது கை ஒரு வேலை, கால் ஒரு வேலை, கண் ஒரு வேலை செய்கிறது இல்லையா? ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வைக்க முடிகிறதா என்றுதான் இவையெல்லாம் சோதிக்கின்றன.

ஆறாவது, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், இரண்டாவது முறை நாடி. ஏழாவது, இருட்டறை. கண்பாவையின் அளவை சாதாரண வெளிச்சத்திலும், ஏறக்குறைய முழு இருட்டிலும், டார்ச் வெளிச்சத்திலும் பார்ப்பார்கள். கையில் ஓர் அட்டை இருக்கும். அதில் அரை அரை மில்லிமீட்டராகப் பெரிதாகும் கறுப்பு வட்டங்கள். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். சாதாரண வெளிச்சத்தில் 2.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருந்தால் இயல்பு என்பது அவர்கள் கணக்கு. எட்டாவது, தசை இறுக்கம். ஒன்பதாவது, ஊசி போட்ட தழும்புகள், மூன்றாவது முறை நாடி. பத்தாவது, சம்பந்தப்பட்டவரிடம் கேள்விகள். பதினொன்றாவது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பரிசோதகர் எழுதும் கருத்து. பன்னிரண்டாவது, ரத்தமோ சிறுநீரோ எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

போதை தரும் பொருட்களை 7 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஒரு அடையாளம். ஹெராயின் வகை என்றால் கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்கும், நாடி குறையும். கொக்கெய்ன் வகை என்றால் பாவை விரியும், நாடி ஓடும். கஞ்சா என்றால் கண் சிவக்கும், நாடி கூடும், இரு விழிகளும் மூக்கை நோக்கிச் சேராது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை வகை என்றால் மது குடித்தவர் மாதிரியே நாக்கு குழறும், விழி துடிக்கும், மது வாசனை மட்டும் இருக்காது. ஒரே அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படை. பேரேடும் சில்லறைக் கணக்கும் பொருந்தாவிட்டால் நாம் வீட்டுக்குப் போக முடியாதே, அதே கதைதான்.

இது சரியாக வேலை செய்கிறதா? 1985-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 173 பேரை வைத்து ஒரு கள ஆய்வு நடந்தது. மது அல்லாத போதை என்று நிபுணர்கள் சொன்னவர்களில் 94 சதவீதம் பேரின் ரத்தத்தில் அப்படி ஒரு பொருள் இருந்தது. நல்ல எண்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், எந்த போதையும் இல்லாத சாதாரண ஆட்கள் கலந்த கூட்டம் அல்ல என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அந்த விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் இந்தப் பயிற்சி பெற்ற ஒரு காவலர் சிலரைக் கைது செய்தார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்று வந்தது, வழக்குகள் கைவிடப்பட்டன. காகிதத்தில் ‘கைவிடப்பட்டது’ என்று எழுதிவிடலாம். இரவு முழுக்க லாக்கப்பில் இருந்தவருக்கு அந்த இரவு திரும்பி வருமா?

நீதிமன்றங்களும் இதைத் தட்டிப் பார்த்திருக்கின்றன. கஞ்சா விஷயத்தில், சாலையோரச் சோதனைகளைச் செய்த காவலர் தான் கண்டதைச் சொல்லலாம், அவற்றை வைத்து ‘இவர் போதையில் இருந்தார்’ என்று முடிவு சொல்லக் கூடாது என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் நிபுணரின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் வரம்போடு. ‘நான் கண்டவை இந்தப் போதையோடு ஒத்துப்போகின்றன’ என்று மட்டும் சொல்லலாம். ஆய்வக அறிக்கை பெற அரசுத் தரப்பு நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு இருக்க வேண்டும். எனக்கு இது சரியாகப் படுகிறது. கையெழுத்து ஒத்துப்போகிறது என்று சொல்வது வேறு, காசோலையைப் பாஸ் செய்வது வேறு.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது. 2004 டிசம்பரில் சாலையோரத்திலேயே உமிழ்நீரைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். வேகமான முறை. ஆனால் பொருள் உடம்பில் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். ஆள் தடுமாறுகிறாரா என்பதைச் சொல்லாது. மனிதக் கண்ணுக்கு ஒரு குறை, கருவிக்கு ஒரு குறை. அதனால்தான் இரண்டும் சேர்ந்து வர வேண்டியிருக்கிறது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மதுவோடு நிற்கவில்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஏதாவது போதை மருந்தின் பாதிப்பில் ஓட்டினாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கே நம்மில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. கஞ்சா பக்கமே போகாத நமக்கும் இந்தப் படிகளில் பாடம் இருக்கிறது. நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சாப்பிடும் மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக், இவை எல்லாமே ஓட்டும் திறமையைக் குறைக்கும். டாக்டர் சீட்டு இருக்கிறது என்பது மருந்து வாங்க உரிமை. சீட்டு இருப்பதால் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு நாம் சீக்கிரம் பிரேக் போட்டுவிட மாட்டோம். புது மாத்திரை எழுதித் தரும்போதே ‘இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு, சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். பார்க்கிறவருக்குக் குடிகாரர் மாதிரிதான் தெரியும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வண்டியில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். இன்ன நோய், இன்ன மருந்து, வீட்டு போன் நம்பர் என்று ஒரு சிறு அட்டை எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

மூன்று, கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சில சமயம் பாவையின் வடிவம் மாறியிருக்கும். கண் அழுத்தத்துக்குப் போடும் சில சொட்டு மருந்துகள் பாவையைச் சுருக்கும். அதையும் அந்த அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு, காவலர் நிறுத்தினால் கோபப்படாமல் இதையெல்லாம் சொல்லுங்கள். நம் கேட்டில் யாராவது தள்ளாடி நின்றால், ‘குடித்திருக்கிறான்’ என்று முடிவு கட்டும் முன் செக்யூரிட்டியும் நாமும் அந்த மூன்றாவது படியை நினைத்துக்கொள்ள வேண்டும். முதலில் உட்கார வையுங்கள், பேச்சுக் கொடுங்கள், தேவையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரிசைதான். ஒரு காவலருக்குச் சந்தேகம் வருவதில் தப்பில்லை, வர வேண்டும். ஆனால் சந்தேகத்துக்கும் கைவிலங்குக்கும் நடுவில் ‘இவர் நோயாளியா?’ என்ற கேள்வியை இந்த முறை கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தப் படியையும் விடாமல் செய்தால் குற்றவாளி தப்ப மாட்டார், நோயாளி மாட்டிக்கொள்ளவும் மாட்டார். படியைத் தாண்டிக் குதித்தால் இரண்டும் நடக்கும்.

சர்க்கரை அட்டைக்கு ஒரு மாதிரி தயார் செய்து சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.