மா ஹுவாங் கஷாயம்

வடபுலத்துக் குளிரில் வாழும் நம்மவர் இல்லங்களில் மார்கழி வந்தால் இருமலும் இரைப்பும் உடன் வந்துவிடும். அத்தகைய துன்பத்துக்குச் சீன தேசம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கஷாயம் ஒன்றை இன்று நாம் காண்போம்.

ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த நாளில் சாங் சோங்ஜிங் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். இருநூறு பேருக்கு மேற்பட்ட அவருடைய குலத்தில், கி.பி. 196 முதல் பத்தாண்டு நிரம்புமுன் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர். மாண்டவருள் பதின்மருக்கு எழுவரைக் குளிர்நோயே கொண்டுசென்றது என அவரது நூலின் முகவுரை கூறுகிறது. அந்நூலே 'ஷாங்ஹான் லுன்'.

அதில் வரும் மா ஹுவாங் கஷாயத்துக்குச் சரக்குகள் நான்கே. இலையற்ற, கணுக்கணுவான மா ஹுவாங் தண்டு. சீனத்து இலவங்க மரத்தின் இளங்குச்சி. ஆப்பிரிகாட் கொட்டையின் பருப்பு எழுபது. நாமெல்லாம் அறிந்த அதிமதுரம். முதலில் மா ஹுவாங்கை மட்டும் கொதிக்கவைத்து, மேலே திரளும் நுரையை நீக்கிய பின்னரே ஏனையவற்றை இடவேண்டும். இளஞ்சூட்டில் பருகிப் போர்த்திப் படுத்தால் மெல்லிய வியர்வை அரும்பும். ஒரு வேளையிலேயே வியர்த்து நோய் தணிந்தால், எஞ்சியதைக் கொடுக்கலாகாது.

இரைப்பு என்றதும் இதனை எடுத்து நீட்டுவதில்லை. குளிரும் உடல்வலியும் இருந்து, வியர்வை இல்லாதவர்க்கே இது உரியது. வியர்வையோடு இரைப்பவர்க்கு அந்நூல் இலவங்கக் குச்சியை நீக்கி, ஜிப்சம் என்னும் கல்லைச் சேர்க்கச் சொல்கிறது, அளவுகளும் மாறுகின்றன. ஒரு சரக்கு மாறியதும், குளிரை ஓட்டும் கஷாயம் உள்வெப்பத்தைத் தணிக்கும் கஷாயமாகிவிடுகிறது! இந்த நுட்பத்தையே நாம் பெரிதும் வியக்கிறோம்.

மா ஹுவாங்கின் சாரமாகிய எபிடிரினை 1885-ல் ஜப்பானியரான நாகாய் பிரித்தெடுத்தார். பீக்கிங் நகரில் ஆராய்ந்த சென், ஷ்மிட் இருவரும் அதன் செயலை 1924-ல் உலகறியச் செய்தனர். அது மூச்சுக்குழாய்களை விரிக்கிறது. அதே வேகத்தில் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. உடல் இளைப்பதற்கென்று இம்மூலிகையை மாத்திரையாக்கி விற்ற அமெரிக்காவில் மாரடைப்பும் பக்கவாதமும் தொடர்ந்ததால், 2004-ல் அரசு அவ்விற்பனையைத் தடுத்தது.

இதே இனச் செடி நம் இமயச் சாரலிலும், லாஹௌல், லடாக் பகுதிகளில் வளர்கிறது. கண்டவர் பறித்துக் காய்ச்சிவிடக் கூடாது. தொண்டை வறண்டவர்க்கும், மூக்கில் அடிக்கடி குருதி கசிபவர்க்கும் வியர்வை வருவிக்கவே கூடாதென அந்தப் பழைய நூலே விலக்கியிருக்கிறது.