தடாகத்தைப் பூட்டும் துணிவு

வன்னிப் பெருநிலம் குளங்களால் வாழும் நாடு. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று பெயர்களை அடுக்கும்போதே மாரி மழையின் ஓசையும் வயலின் பசுமையும் மனத்தில் எழும். வன்னிப் பிள்ளைகள் நீந்தப் பழகியதும் குளத்திலும் வாய்க்காலிலுமே. இக்காலத்திலோ கிளிநொச்சி விளையாட்டுத் தொகுதியில் நீச்சல் தடாகம் அமைந்தது. விடுதிகளும் சிறு தடாகங்களை அமைக்க விரும்புகின்றன. தடாகம் எழுந்தால் அதைப் பேணும் தொழிலும் உடன் எழும். ஊதியம் பெற்றுத் தடாகம் பேணும் ஒரு நிறுவனம் தன் கடமையை எங்ஙனம் செவ்வனே ஆற்றலாம்?

குளத்து நீரை மழை புதுக்கும்; வான் பாயும்; துருசு வழியே நீர் ஓடும். தடாகத்து நீரோ அடைபட்ட நீர். குளிப்போர் ஒவ்வொருவரும் வியர்வையையும் அழுக்கையும் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளையும் அதில் விட்டுச் செல்கின்றனர். ஆதலின், இயற்கை செய்யும் வேலையை இங்கே மனிதன் நாள்தோறும் செய்தாக வேண்டும். நீரை வடித்தல், கிருமி நீக்கல், அளந்து பார்த்தல் ஆகிய மூன்றுமே அவ்வேலை.

25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் ஒன்று ஏறக்குறைய 4,70,000 லீற்றர் நீரைக் கொள்ளும். வவுனியாவின் கருங்கற்பாறை நிலத்திலே கோடையில் கிணறுகள் வற்றும்போது இத்தொகை எத்துணைப் பெரிது என்பதை அங்குள்ள கமக்காரர் நன்கு அறிவர். நீர் சற்றுக் கலங்கியவுடன் முழுவதையும் திறந்துவிட்டுப் புதுநீர் நிரப்புபவன் வேலையைச் சுருக்கிக்கொள்கிறான். ஊரின் நீரையோ வீணாக்குகிறான். தடாகத்தில் கசிவு உண்டா என்பதை எளிதிற் காணலாம். ஒரு வாளியில் நீர் நிரப்பித் தடாகத்தின் படியில் வைத்து, வாளியின் நீர்மட்டத்தையும் தடாகத்தின் நீர்மட்டத்தையும் குறித்துவிட வேண்டும். ஒருநாள் கழித்துப் பார்த்தால், வெயிலால் ஆவியான அளவு இரண்டிலும் ஒத்திருக்கும். தடாகத்தில் மட்டும் மிகுதியாகக் குறைந்திருப்பின் அது கசிவே. வாளி ஒன்றே செலவு. சேமிப்போ பல்லாயிரம் லீற்றர்.

கிருமி நீக்கத்துக்குக் குளோரின் வேண்டும். பொதுவாக லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையில் அது நீரில் எஞ்சி நிற்றல் நன்று. எனினும் குளோரினை மட்டும் அளந்தாற் போதாது. நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருத்தல் வேண்டும். அது 8க்கு ஏறினால் குளோரினில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே வலிமையுடன் கிருமியைக் கொல்லும். கண் சிவந்து மூக்கில் நெடி ஏறும்போது குளோரின் மிகுந்துவிட்டதென்று பலர் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் வேறு. குளோரின் வியர்வை முதலிய அழுக்குகளோடு கூடிப் பிறக்கும் சேர்வைகளே அந்நெடிக்குக் காரணம். இதனை வாடிக்கையாளருக்குப் பொறுமையுடன் விளக்குதலும் தொழிலின் ஒரு பகுதியே.

இவ்வளவுகளை எழுதி வைக்கும் ஏடு ஒன்று ஒவ்வொரு தடாகத்திலும் இருக்கும். அந்த ஏடே நிறுவனத்தின் மனச்சாட்சி. நீரைத் தொடாமலே நேற்றைய எண்ணை இன்றும் எழுதுபவன் ஏமாற்றுவது முதலாளியை அன்று. அந்நீரில் இறங்கும் குழந்தையையே.

தொழிலாளரின் உயிரும் இத்தொழிலில் பணயமாக உள்ளது. 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆம் நாள், முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே படைவீரர்மீது ஏவப்பட்ட நச்சுவாயு குளோரினே. வெளிற்றும் தூளும் ஐதரோக்குளோரிக்கு அமிலமும் ஒன்றோடொன்று கலந்தால் அதே வாயு ஒரு சிறு களஞ்சிய அறையிலும் எழும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே, உலர்ந்த காற்றோட்டமான இடங்களில் வைத்தல் வேண்டும். மருந்தை நீரில் இடலாமேயன்றி நீரை மருந்தின்மீது ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் இன்றி எவரையும் வேலைக்கு அனுப்பலாகாது. தொழிலாளருக்கு வேதனத்தில் 12 வீதம் தொழில் தருபவர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதியும் கருணைக் கொடையன்று. 1958ஆம் ஆண்டின் சட்டம் விதித்த கடன்.

நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை சான்று. முல்லைத்தீவு முதலாகக் கரையோரக் கிணறுகள் உவர்நீரால் நிறைந்தன. இலங்கையின் கிழக்குக் கரையிலே ஆய்வு செய்தோர், கிணறுகளை அளவின்றி மீண்டும் மீண்டும் இறைத்தமையால் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்ததையும் கண்டனர். உதவ வந்த கைகளே அறியாது ஊறு செய்தன. தடாகத்துக் குளோரின் நீரை வயல் வாய்க்காலிலோ குளத்திலோ திறந்துவிடுதலும் இத்தகையதே. குளோரின் நீங்கும்வரை வைத்திருந்து, உரியவர் இசைவுடன், தக்க நிலத்தில் விடுதலே முறை.

இவை யாவற்றினும் அரிய கடமை ஒன்றுண்டு. விழா நாள், பிள்ளைகள் வந்து காத்திருக்கின்றனர், கட்டணமும் பெற்றாயிற்று. ஆயினும் நீர் கலங்கி ஆழமான பகுதியின் அடித்தளம் தெரியவில்லை. அடித்தளம் தெரியாத நீரில் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. அன்றேல், நீரை உறிஞ்சும் துவாரத்தின் மூடி உடைந்திருக்கிறது. அமெரிக்க நாட்டிலே 2002ஆம் ஆண்டில் இத்தகைய துவாரத்தின் இழுவையிற் சிக்கி ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். அவள் பெயரைத் தாங்கிய பாதுகாப்புச் சட்டம் அங்கே 2007இல் பிறந்தது. ஓர் உயிர் போனபின் வந்த சட்டம் அது. அந்நிலையில், “இன்று தடாகம் திறவாது” என்று சொல்லும் துணிவு பேணுபவனுக்கு வேண்டும். முதலாளி சினப்பார், ஒப்பந்தமும் கைவிட்டுப் போகலாம். ஆதலின், ஆபத்தெனக் கண்டால் பூட்டும் அதிகாரம் பேணுபவனுக்கு உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுதல் அறிவுடைமை. அதற்கு இசையாத முதலாளியின் பணத்தை இழப்பதே இலாபம்.

இது வன்னிக்குப் புதிய அறமன்று. சிறுபோகத்துக்கு முன்னர் கமக்காரர் ஒன்றுகூடி, குளத்தில் உள்ள நீரை நோக்கியே விதைக்கும் ஏக்கரை முடிவு செய்வர். துருசைத் திறப்பவன் உறவினனின் வயலுக்கென்று ஒரு பிடி கூடத் திறக்க இயலாது, ஊர் கேட்கும். நீர் ஒருவன் கையிலிருந்தாலும் அதன் பொறுப்பு பலருக்கு உரியது என்பதே குளக்கட்டில் கற்ற பாடம். அப்பாடத்தை நீல ஓடு பதித்த தடாகத்தின் கரைக்கும் கொண்டுசெல்லும் நிறுவனம் நிலைக்கும். அதன் திறப்புக்கோவையை நம்பித் தாய்மார் தம் பிள்ளைகளை நீரில் இறக்குவர்.