வனைதொழிலில் இடைநிலைப் பயிற்சி

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கைத்தொழிலின் அபிவிருத்தியைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இவ்விஷயத்தைப் பேச எழுவோர் முன்னோரின் பெருமையில் தொடங்கி, இக்காலத்தின் சிறுமையில் முடித்து அமர்வது வழக்கம். நாமும் அவ்வாறே செய்தால் நேரம் இனிது கழியும். ஆயினும் இங்கிருந்து வீடு திரும்பும் வாலிபன் ஒருவனுக்கு நாளைக் காலையில் சக்கரத்தின்முன் அமர்ந்து செய்யத்தக்கது யாதொன்றும் கிடைத்திராது. ஆதலால் இன்று ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறோம். கைபழகத் தொடங்கியவனுக்கும் கைதேர்ந்தவனுக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. அந்த நடுக்காலத்திலேதான் நம் தொழில் இப்பொழுது அறுபட்டு வருகிறது என்பது நமது துணிபு.

முன்னோரைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் விடுதலும் முறையன்று. தாமிரவருணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்திற்கு அணித்தேயுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் ஜெர்மனி தேசத்து யாகோர் என்பார் முதலிற் சில தாழிகளைத் தோண்டியெடுத்தார். 1899 தொடங்கி அலெக்ஸாண்டர் ரீ துரை விரிவாக அகழ்ந்தார். 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையார் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். அதற்கு அண்மையிலுள்ள சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல் கி.மு. 1155-ஆம் ஆண்டளவிலானது என்று 2021-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. புறநானூற்றில் ஈமத்தாழி வனையும் கலஞ்செய் கோவை நோக்கிப் பாடிய பாட்டுக்கள் உண்டு. கரிகாலன் வென்ற வெண்ணிப்போரைப் பாடிய புலவரோ வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாலார். இவையெல்லாம் நாம் நெஞ்சுநிமிர்த்திச் சொல்லத்தக்கனவே.

ஆயினும் சகோதரர்களே, தாழியை வனைந்த கை மண்ணோடு மண்ணாயிற்று. அந்தக் கையின் பழக்கம் பிறப்பினால் நம் கைக்கு வந்துவிடாது. நிலத்தையும் வீட்டையும் தந்தை எழுதிவைக்கலாம். விரலின் அறிவை எவரும் எழுதிவைத்தல் இயலாது. அதை ஒவ்வொரு பிள்ளையும் முதலிலிருந்து தானே ஈட்டியாகவேண்டும்.

இனி, இடைநிலை என்பது யாதெனக் கூறுவோம். ஒரு வாலிபன் சில வாரங்களில் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் அசைவின்றி நிறுத்தக் கற்கிறான். அகலும் சிறு கலயமும் அவன் கையில் வருகின்றன. வீட்டார் மகிழ்கின்றனர். அவனிடம் இரண்டு படி அரிசி பொங்கத்தக்க பானையொன்றைக் கேளுங்கள். சுவர் பாதி உயரத்தில் கோணி விழும். ஒரே அளவாக இருபது பானை கேளுங்கள். இருபதும் இருபது விதமாயிருக்கும். பானைக்குப் பொருந்த மூடி கேளுங்கள். ஒன்று உள்ளே விழும், மற்றொன்று மேலே ஆடும். கொஞ்சம் தெரிந்து பெரும்பாலும் கெடுக்கிற இந்நிலையே இடைநிலை. இதில் வெட்கப்பட யாதுமில்லை. இவ்வழியே நடவாமல் மேற்படிக்கு ஏறினவர் எவருமில்லை.

நம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். முழங்கையளவு உயரமான குடமொன்றை ஒருநாள் வனைந்து, பெரியவர் ஒருவரிடம் பெருமிதத்துடன் காட்டினோம். அவர் புகழவுமில்லை, இகழவுமில்லை. அறுக்கும் நூலை எடுத்து, ஈரம் உலராத அக்குடத்தை வாயிலிருந்து அடிவரை நெடுக இரண்டாகப் பிளந்து நம்முன் வைத்தார். நமக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு பிளவைப் பார்த்தோம். அடியில் இரண்டு விரற்கனம், நடுவில் ஒரு விரல், கழுத்திலோ ஓலைபோன்ற மெலிவு. “உயரத்தைக் கண்டாய், சுவரைக் கண்டாயோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் தம் வேலைக்குத் திரும்பினார். அன்று கற்றதை அதன்பின் ஒருநாளும் மறந்திலோம். ஆதலின் இடைநிலையிலுள்ளோர்க்கு நாம் கூறும் முதல் விதி இது: நாளொன்றுக்கு வனையும் கலங்களில் இரண்டையேனும் நெடுகப் பிளந்து பாருங்கள். வெளியழகு கண்ணை ஏமாற்றும், பிளவு ஏமாற்றாது.

இரண்டாவது விதி மண்ணைப் பற்றியது. குளத்து மண்ணையும் மணலையும் கலந்து மிதித்துப் பிசைவதை ஏவலாள் வேலையென்று நினையாதீர்கள். உருண்டையினுள் ஓரிடம் இறுகியும் ஓரிடம் இளகியும் இருந்தால், எத்துணைத் தேர்ந்த கையினாலும் அதை நடுவில் நிறுத்துதல் அரிது. உள்ளே தங்கிய காற்றுக்குமிழ் சுவரை உயர்த்தும்பொழுது கையைத் தடுக்கிவிடும். அன்றியும் ஒவ்வோர் உருண்டையையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் கைக்குத் தராசு வேண்டியதில்லை. உங்கள் கைக்கு வேண்டும். மண்ணின் எடை ஒன்றாயிருந்தாலன்றி, கலம் வேறுபட்டமைக்குக் காரணம் மண்ணா கையா என்று நீங்கள் அறியமாட்டீர்கள்.

மூன்றாவது, உடம்பின் இருப்பு. சிறு உருண்டையை விரல் வலியால் அடக்கலாம். பெரிய உருண்டை விரலுக்கு அடங்காது. முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக மண்ணில் இறங்குமாறு அமரவேண்டும். கை மண்ணைத் துரத்தலாகாது. கை நிற்க, மண் அதற்கு இணங்கி வரவேண்டும். மண்ணை நடுவிற் குடைந்தபின் அடியை நன்றாக அழுத்தி இறுக்குங்கள். இறுகாத அடி உலரும்பொழுது வெடிக்கும்.

நான்காவது, சுவரை உயர்த்துதல். உள்விரலும் வெளிவிரலும் ஒன்றையொன்று நோக்கி, சுவரின் இருபுறமும் ஒரே சீராக அடியிலிருந்து மேலே செல்லவேண்டும். விரல் ஏறும் வேகம் சக்கரத்தின் சுழற்சிக்கு ஒத்திருத்தல் வேண்டும். விரைந்தால் சுவர் திருகும், தயங்கினால் ஓரிடம் மெலியும். மூன்று அல்லது நான்கு ஏற்றத்தில் உயரம் வந்துவிடவேண்டும். பத்துமுறை தடவினால் மண் நீரைக் குடித்துத் தளர்ந்துபோம். வயிறு, தோள், கழுத்து என்னும் வடிவங்களை இப்பொழுது மறந்து, முதலில் நேரான குழாய்போன்ற சுவரையே நூறுமுறை எழுப்புங்கள். நேர்சுவர் கைவந்தவனுக்கு வயிறு தானே வரும். நேர்சுவர் வாராதவன் வயிற்றை விரிக்கும்பொழுதே பானை சரியும்.

ஐந்தாவது, சக்கரத்தின் வேகம். இதைச் சிறிது விரித்துரைக்கிறோம். ஏனெனில் இக்காலத்து வாலிபர் தடுமாறும் இடம் இதுவே. கழியினாற் சுழற்றும் பழைய பெருஞ்சக்கரம் முதலில் விசையாகச் சுழன்று, பின் தானே தளர்ந்துகொண்டு வரும். மண்ணை நடுநிறுத்தும்பொழுது வேண்டுவது மிகுந்த விசை. வாயை விரிக்கும்பொழுது வேண்டுவது குறைந்த விசை. வாய் இருமடங்கு அகன்றால், அதே சுழற்சியில் விளிம்பு ஓடும் வேகமும் இருமடங்காகும். அப்பொழுது விசையைக் குறையாவிடின் விளிம்பு தானே வெளியே வீசப்படும். பழைய சக்கரம் தளர்ந்து தளர்ந்து இப்பாடத்தைக் கைக்குச் சொல்லிக்கொடுத்தது. மின்சாரச் சக்கரம் அவ்வாறு தளர்வதில்லை. நாம் வைத்த வேகத்திலேயே நிற்கும். அது முதுகின் நோவைப் போக்கிற்று என்பது மெய்யே. அதை நாம் வேண்டாவென்பதில்லை. ஆயின், பழைய சக்கரம் தானே செய்ததை இனி நீங்கள் எண்ணிச் செய்யவேண்டும். நடுநிறுத்தல், உயர்த்தல், விரித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கப் பழகுங்கள்.

ஆறாவது, அளவு. மண் உலர்ந்து வெந்தபின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சுருங்கும். மண்ணுக்கு மண் இது மாறுபடும். ஆதலால் பானையையும் மூடியையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் வனைந்து, ஈரத்திலேயே ஒரு குச்சியால் வாயை அளந்து பொருத்துங்கள், ஒன்றாகவே உலரவிடுங்கள்.

ஏழாவது, தட்டுதல். தாய்மார்களே, இப்பகுதி உங்களைச் சார்ந்தது. நம் நாட்டு முறையில் சக்கரத்திலிருந்து அறுத்தெடுப்பது பாதிப் பானையே. அது பாதி உலர்ந்தபின், உள்ளே கல்லைத் தாங்கி, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியைத் திரட்டி மூடுவதனாலேயே உருண்டைப் பானை பிறக்கிறது. பல வீடுகளில் இவ்வேலையைச் செய்து வருவோர் பெண்டிரே. ஆயினும் அவர்களைத் தொழிலாளர் என்று கணக்கிடுவார் அரியர். எப்பொழுது தட்டத் தொடங்கவேண்டும் என்று அறிதலே இதன் நுட்பம். ஈரம் மிகுந்தால் பலகை ஒட்டும், குறைந்தால் சுவர் பிளக்கும். சக்கரத்தில் அமரும் ஆண்மக்கள் தட்டவும், தட்டும் பெண்மக்கள் சக்கரத்தில் அமரவும் கற்பார்களாயின் இருசாராரும் தம் பிழையைத் தாமே அறிவர். வெண்ணிக் குயத்தியாரின் பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் நாம், நம் பெண்களுக்குச் சக்கரத்தை மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்வளவும் எத்துணைக் காலத்தில் வரும் என்று கேட்பீர்கள். காருகுறிச்சி நம் மட்பாண்டத்திற்குப் பேர்போன ஊர்; நாகசுர வித்துவான் அருணாசலம் (1921–1964) பிறந்ததும் அவ்வூரே. அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் அணுக்கமாக இருந்து பயின்றவர். ஸ்வரம் பிடிக்கத் தெரிந்தமாத்திரத்தில் ஒருவனை வித்துவான் என்று அவ்வூரார் கொள்ளுவரோ? பானைக்கு மட்டும் பத்துநாட் பாடம் போதும் என்று எண்ணுவானேன்?

மத்திய சர்க்கார் 17-9-2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குயவர் தொழிலும் ஒன்று. அதில் அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள், மேற்பயிற்சி பதினைந்து நாள், நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை; கருவிகளுக்கு ரூ.15,000. தமிழ்நாட்டு அரசு அதனை ஏலாது, சாதி பாராமல் யாவர்க்கும் உரிய கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. கடனில் 25 விழுக்காடு, ரூ.50,000 வரையில் மானியம் உண்டு. குளத்து மண்ணை வட்டாட்சியர் அனுமதியுடன் இலவசமாக எடுக்க 2024-இல் வழி எளிதாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நம்மவர் தவறாது பெறவேண்டும். ஆயின் மண்ணும் சக்கரமும் கடனும் கிடைத்தபின்னும் கிடையாதது ஒன்றுண்டு, அது காலம். பதினைந்து நாளில் ஒருவன் இடைநிலையின் வாயிலில் வந்து நிற்பான், அதைக் கடக்கமாட்டான். வாங்கிய மின்சாரச் சக்கரத்தின்மேல் துணி போர்த்தி, வேறு வேலைக்குப் போன பிள்ளைகள் நம் தெருக்களிலேயே உள்ளனர். அவர்களைச் சோம்பரென்று தூற்றுவது எளிது. உண்மையை ஆராய்வோம்.

தொடக்கநிலையில் உள்ளவன் கார்த்திகைக்கு அகல் வனைந்து சிறிது சம்பாதிக்கிறான். தேர்ந்தவன் பொங்கற்பானையும் குடமும் விற்றுப் பிழைக்கிறான். நடுவிலுள்ளவனோ நாள்முழுதும் உழைத்து, மாலையில் பெரும்பகுதியை மீண்டும் மண்ணாகப் பிசைகிறான். இடைநிலை என்பது வருவாயில்லாத காலம். முன்னாளில் கூட்டுக் குடும்பம் அக்காலத்தைத் தாங்கிற்று. பத்துப்பேர் சோற்றில் கற்கும் பிள்ளையின் சோறும் அடங்கிற்று. இப்பொழுது தாங்குவார் இல்லை. பிள்ளை கையை நம்பி விடவில்லை. வயிற்றுக்கு அஞ்சி விட்டான்.

குயவனுக்கு ஒரு வருஷம், தடியனுக்கு ஒரு நிமிஷம் என்பது பழமொழி. உடைப்பவனைக் குறித்துச் சொன்னதாகவே இதைக் கேட்டுவந்தோம். வனைபவனுக்கு அந்த ஒரு வருஷத்தைக் கொடுப்பார் யார் என்பதே இன்று நாம் கேட்கவேண்டிய வினா. குடும்பத்தால் இயலாதாயின் அது சங்கத்தின் கடன்.

ஆகையால் மூன்று வேண்டுகோளைச் சபையின்முன் வைக்கிறோம். முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் இடைநிலையிலுள்ள சிலரையேனும் தெரிந்தெடுத்து, ஓராண்டுக்கு மாத உதவித்தொகை சங்க நிதியிலிருந்து அளிக்கவேண்டும். அவருள் பெண்களும் இருத்தல்வேண்டும். இரண்டாவது, தேர்ந்த முதியோர் ஒருவரிடம் ஒரு வாலிபனை விட்டு, முதியோருக்கும் கற்பிக்கும் ஊதியம் கொடுக்கவேண்டும். முதுமையில் மதிப்புரை மட்டும் வயிற்றை நிரப்பாது. மூன்றாவது, ஆண்டின் முடிவில் ஒரே அளவான இருபது பானையும் இருபது மூடியும் சபையின்முன் வனைந்து காட்டுவதே தேர்வாகவேண்டும்.

இவ்விடத்தில் பிறர்க்கு நம் தொழிலைக் காட்டலாமோ என்று சிலர் ஐயுறுவர். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலையில் பல இடத்தவரும் பல குலத்தவரும் பயின்று பேர்பெற்றனர். மண் எவரையும் குலங்கேட்டுச் சேர்ப்பதில்லை. வெளியார் பொருள்கொடுத்துப் பொறுமையாகக் கற்பதை, நம் பிள்ளைகள் பொருளின்மையால் விடுவதே நமக்கு நாணம் தரவேண்டியது. நம்மிடம் வந்து கற்க விரும்புவோர்க்கும் இடங்கொடுப்போம். அவர் தரும் கட்டணம் நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு உதவும்.

வாலிபச் சகோதரர்களே! கோணிய பானையை மறைக்காதீர்கள், பிளந்து பாருங்கள். பெரியோர்களே! பிளக்கப்படும் பானைக்காகப் பிள்ளையைச் சினவாதீர்கள். அந்த மண் எங்கும் போய்விடாது. நாளை மறுபடியும் பிசைந்துகொள்ளலாம். ஒருமுறை சக்கரத்தைவிட்டு எழுந்துபோன பிள்ளையை மறுபடி அமர்த்துவதுதான் அரிது.

 வாழ்க நம் சமூகம்! வளர்க நம் கைத்தொழில்!